பொருளறிவியல் முனைவர் படிப்பில் முதல் ஆண்டு எதற்கு?

பிரிட்டனுக்கு முனைவர் பட்டம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றி, அமெரிக்காவில் 1861இல் யேல் பல்கலைக்கழகம் வழங்கத் தொடங்கிய அந்தப் பட்டத்தைப் பிரிட்டனில் முதலில் ஏற்றது ஆக்ஸ்போர்டு, ஆண்டு 1917. ஏற்றுக்கொண்ட விதமும் வேறாக இருந்தது. அமெரிக்காவில் ஆய்வாளர் ஓரிரு ஆண்டுகள் பாடம் படித்து, தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகே முழுநேர ஆய்வுக்குள் போவார். பிரிட்டனில் சேர்ந்த அன்றே ஒரு மேசையும் ஒரு நெறியாளரும் ஒரு தலைப்பும் கிடைத்துவிடும். மூன்று ஆண்டுகளில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். இடையில் தெரியாததையெல்லாம் பக்கத்து மேசையில் இருக்கும் மூத்த ஆய்வாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பயிற்சி. பிரிட்டிஷ் வழியில் வளர்ந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் 2009 வரை இதே நிலைமைதான்.

அந்த ஏற்பாட்டில் குறையிருக்கிறது என்பதைப் பிரிட்டன் அரசுத் தரப்பிலேயே உரக்கச் சொன்னது, இயற்பியலாளர் கேரத் ராபர்ட்ஸ் 2002இல் அளித்த அறிக்கை. அறிவியல், பொறியியல் ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்தது இரண்டு வாரமாவது தனிப் பயிற்சி தரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அடுத்து வந்த மாற்றம் இன்னும் பெரியது. பொறியியல், இயற்பியல் அறிவியல்களுக்கு நிதி வழங்கும் இபிஎஸ்ஆர்சி என்ற ஆய்வு மன்றம், தனித்தனி ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுப்பதோடு நிற்காமல், ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து பேரை ஓர் அணியாகச் சேர்த்து நான்கு ஆண்டுகள் பயிற்றுவிக்கும் முனைவர் பயிற்சி மையங்களுக்குப் பெருந்தொகையை ஒதுக்கத் தொடங்கியது. 2008 டிசம்பரில் 25 கோடி பவுண்டு செலவில் 44 மையங்கள் அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச்சில் அறிவித்த சுற்றில் 65 மையங்கள். அரசு, பல்கலைக்கழகங்கள், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றின் பங்கையெல்லாம் கூட்டினால் 100 கோடி பவுண்டைத் தாண்டும் முதலீடு. ஒவ்வொரு சுற்றிலும், உலோகம், செராமிக், பாலிமர் போன்ற பொருள்களின் அமைப்பையும் பண்புகளையும் ஆராயும் பொருளறிவியலுக்குக் கணிசமான இடம் இருந்துவருகிறது. ஷெஃபீல்டும் மான்செஸ்டரும் சேர்ந்து நடத்திய உயர்நிலை உலோகங்களுக்கான மையம், லண்டன் இம்பீரியல் கல்லூரியும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியான யூசிஎல்லும் சேர்ந்து நடத்திய பொருட்பண்பாய்வு மையம், கேம்பிரிட்ஜின் நானோ மையம் ஆகியவை அவற்றுள் சில.

மூன்று ஆண்டு நான்கானது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஓர் ஆண்டு பெரும்பாலும் முதல் ஆண்டுப் பயிற்சிக்கே போனது. இபிஎஸ்ஆர்சி எல்லாத் துறைகளுக்கும்தான் இப்படிச் செய்தது என்றாலும், பொருளறிவியலுக்கு இது தேவைப்பட்ட காரணம் தனியானது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஒரே வாசல் வழியாக வருவதில்லை.

துறையின் பிறப்பிலேயே அந்தக் கலப்பு இருக்கிறது. 1950களின் பிற்பகுதி வரை பொருளறிவியல் என்ற பெயரில் ஒரு பல்கலைக்கழகத் துறை இல்லை. உலோகவியல் இருந்தது, செராமிக் தொழில்நுட்பம் இருந்தது, பாலிமர் வேதியியல் இருந்தது, திடநிலை இயற்பியல் இருந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் உலோகவியல் துறைக்குப் பொருளறிவியல் என்று பெயர் மாற்றியபோதுதான் இவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரலாம் என்ற எண்ணத்துக்குக் கல்விசார்ந்த வடிவம் கிடைத்தது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதிர்ச்சிக்குப் பின், ராக்கெட்டுக்கும் அணு உலைக்கும் வேண்டிய பொருள்களை எந்தத் தனித் துறையாலும் தரமுடியாது என்று கண்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா முகமை, 1960இல் கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் ஆகிய மூன்று இடங்களில் துறை கடந்த பொருள் ஆய்வகங்களுக்கு நிதி அளித்தது. விலையுயர்ந்த கருவிகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் மைய ஆய்வக முறை பரவலாக வேர்விட்டதும் அங்கிருந்துதான்.

இன்றும் ஒரு முதல் ஆண்டு அணியை எடுத்துக்கொண்டால், இயற்பியல் முடித்தவருக்கு ஆற்றல் பட்டைக் கோட்பாடு கைவந்திருக்கும். ஆனால் ஓர் எஃகுத் துண்டை எமரி தாளில் தேய்த்து, மெருகேற்றி, அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். உலோகவியல் முடித்தவர் இரும்பு-கார்பன் கட்ட வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவார். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பார்த்தால் தயங்குவார். வேதியியலாளர் புதிய சேர்மத்தை அழகாகத் தயாரித்துவிடுவார். அதை அழுத்தினால் எங்கே, ஏன் உடைகிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. இவர்களை ஒரே மொழி பேச வைக்கும் பாடங்கள் எவை என்பதில் உலகெங்கும் ஏறத்தாழ உடன்பாடு இருக்கிறது. எம்ஐடியின் பொருளறிவியல் துறை நெடுங்காலம் மையப் பாடங்களாக வைத்திருந்த நான்கைச் சொன்னாலே போதும்: சமநிலையில் பொருள்கள், அதாவது வெப்ப இயக்கவியல், பொருள்களில் நிகழும் மாற்றங்களின் வேகவியல், இயந்திரவியல் பண்புகள், மின், ஒளி, காந்தப் பண்புகள். எது நிகழ முடியும், எவ்வளவு வேகத்தில் நிகழும், விளைந்த பொருள் சுமையை எப்படித் தாங்கும், மின்புலத்துக்கும் ஒளிக்கும் எப்படி எதிர்வினை காட்டும் என்ற நான்கு கேள்விகளுக்குள் துறையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

இம்பீரியல் கல்லூரியில் 2009இல் தொடங்கிய பொருள்களின் கோட்பாடு, உருவகப்படுத்தல் மையம் இதை முழுமையாகவே செய்தது. முதல் ஆண்டு ஒரு தனி முதுநிலைப் பட்டம். அதில் தேறியவர்கள் அடுத்த மூன்று ஆண்டு ஆய்வு செய்தார்கள். எலக்ட்ரான் அளவில் கணக்கிடுவோரும் பாலத்தின் கர்டர் அளவில் கணக்கிடுவோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் பாடங்கள் இந்த ஆண்டின் எளிய பாதிதான் என்பது என் எண்ணம். நல்ல பாடநூலும் சற்றுப் பொறுமையும் இருந்தால் வெப்ப இயக்கவியலை ஒருவர் தனியாகவே படித்துவிடலாம். தனியாகக் கற்க முடியாதது வேறொன்று: கருவி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்ற தெளிவு. பொருளறிவியலின் முதல் ஆண்டு இதற்காகத்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

துறையில் எல்லோரும் முதலில் தொடும் கருவியான எக்ஸ்ஆர்டியையே எடுத்துக்கொள்வோம். பொடியாக்கிய மாதிரியின் மீது எக்ஸ்கதிரைச் செலுத்தி, எந்தெந்தக் கோணங்களில் கதிர் வலுவாகச் சிதறுகிறது என்று பதிவு செய்யும் கருவி அது. வரைபடத்தில் தோன்றும் முகடுகளின் கோணத்திலிருந்து படிகத்தில் அணுத்தளங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் கணக்கிடலாம். ஒரு புதிய ஆய்வாளர் டைட்டானியம் டைஆக்சைடு போன்ற ஒரு பொருளில் சிறிதளவு வேறொரு தனிமத்தைக் கலக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலந்த மாதிரியில் முகடு சற்று இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. அயல் அணு படிகத்துக்குள் நுழைந்து, அணுக்களின் ஒழுங்கான அடுக்கான அணிக்கோவையை விரித்துவிட்டது என்று எழுத அவர் கை பரபரக்கும். ஆய்விதழ்களில் இப்படி எழுதப்பட்ட வரிகளுக்குக் கணக்கில்லை.

மாதிரியைத் தாங்கியில் நிரப்பும்போது அதன் மேற்பரப்பு இருக்கவேண்டிய மட்டத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் முகடு இடப்பக்கம் நகரும். மாதிரியிலிருந்து கதிருணரி வரை 200 மில்லிமீட்டர் தொலைவுள்ள கருவியில், 30 பாகைக்கு அருகே உள்ள முகடு இதனால் ஏறத்தாழ 0.055 பாகை நகர்கிறது. அதைத் தளத் தொலைவாக மாற்றினால் கிட்டத்தட்ட 0.2 சதவீத விரிவு என்று வரும். பல கலப்பு ஆய்வுகளில் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் விரிவும் ஏறத்தாழ இந்த அளவுதான். அதாவது கண்ணாடிச் சில்லால் பொடியைச் சமப்படுத்தியபோது கொஞ்சம் அதிகமாக அழுத்தியதன் விளைவு, ஒரு படிகவியல் கண்டுபிடிப்பாக வேடம் போட்டு வந்து நிற்கிறது.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு, அது அழகானதும்கூட. அணிக்கோவை உண்மையிலேயே விரிந்திருந்தால், கோணம் கூடக்கூட முகடுகளின் நகர்வும் கூடிக்கொண்டே போகும். உயரப் பிழையால் வரும் நகர்வோ கோணம் கூடக்கூடக் குறையும். ஆகவே ஒரே ஒரு முகட்டை உருப்பெருக்கிப் பார்க்காமல், வரைபடத்தின் இரு முனைகளையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், படிக அளவு துல்லியமாகத் தெரிந்த சிலிக்கான் பொடியை மாதிரியோடு கலந்து அளக்கலாம். சிலிக்கானின் முகடும் நகர்ந்திருந்தால் குற்றம் மாதிரியில் இல்லை. முதல் ஆண்டுச் செய்முறை வகுப்பு ஒன்றில் வேண்டுமென்றே தவறாக நிரப்பிய மாதிரியைக் கொடுத்து, என்ன நடந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால், அரை நாளில் இந்தப் பாடம் ஆயுளுக்கும் பதிந்துவிடும். கருவியை இயக்கும் பொத்தான்களின் வரிசையைக் கற்றுத்தரவும் அதே அரை நாள்தான் ஆகிறது. பெரும்பாலான இடங்களில் இரண்டாவது மட்டுமே நடக்கிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அங்கே கிடைப்பது எண் அல்ல, படம். படத்தைச் சந்தேகிக்க நமக்குப் பழக்கமில்லை. ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1 மைக்ரான் நீள அகலமும் 100 நானோமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு பகுதியைப் படமெடுக்கிறோம் என்றால், ஒரு கன சென்டிமீட்டர் பொருளில் அப்படிப்பட்ட பகுதிகள் 10 லட்சம் கோடி இருக்கின்றன. அவற்றுள் மிக அழகான ஒன்றைத்தான் ஆய்வாளர் தேர்ந்தெடுத்திருப்பார். போதாக்குறைக்கு, பார்ப்பதற்காகச் செலுத்தும் எலக்ட்ரான்களே பொருளைச் சிதைக்கவும் செய்யும். கிராபீனில், விளிம்பை விட்டு உள்ளே இருக்கும் கார்பன் அணுவைத் தட்டித் தூக்கியெறிய ஏறத்தாழ 86 ஆயிரம் வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் போதும். வழக்கமான கருவிகளோ 200 அல்லது 300 ஆயிரம் வோல்ட்டில் இயங்குகின்றன. கிராபீனை 80 ஆயிரத்தில் பார்ப்பது வழக்கமானது இதனால்தான். படத்தில் தெரியும் குறை பொருளில் முன்பே இருந்ததா, பார்த்ததால் வந்ததா என்ற கேள்வியைக் கேட்கத் தெரியாதவரிடம் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியை ஒப்படைப்பதில் பெரிய பயன் இல்லை.

இந்தத் தெளிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023ஆம் ஆண்டின் கோடையில் உலகமே பார்த்தது. ஜூலை 22 அன்று தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், ஈய அபடைட் என்ற சேர்மத்தில் செம்பைக் கலந்து தயாரித்த எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலும் சாதாரண அழுத்தத்திலும் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக இருக்கிறது என்று, சக ஆய்வாளர்கள் மதிப்பிடும் முன்பே கட்டுரைகளை வெளியிடும் முன்அச்சு இணையதளத்தில் அறிவித்தார்கள். மின்தடை ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் சட்டென்று விழுவதைக் காட்டும் வரைபடம் இருந்தது. காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் துண்டின் காணொளியும் இருந்தது. சில நாள்களிலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினின் கண்ணில் அந்த வெப்பநிலை பட்டது. செம்பு சல்பைடு அதே வெப்பநிலையில்தான் ஒரு படிகக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். எல்கே-99 தயாரிக்கும் வினையில் செம்பு சல்பைடு துணைப்பொருளாக உருவாகிறது. மின்தடை விழுந்தது மீக்கடத்துதிறனால் அல்ல, கலந்திருந்த அந்த அசுத்தத்தின் கட்டமாற்றத்தால். பெய்ஜிங்கின் இயற்பியல் நிறுவனம் செம்பு சல்பைடைத் தனியாக அளந்து அதே வீழ்ச்சியைக் காட்டியது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தான் தயாரித்த மாதிரிகளில் மீக்கடத்துதிறன் இல்லை என்று அறிவித்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் அசுத்தமற்ற ஒற்றைப் படிகத்தை வளர்த்துப் பார்த்தபோது அது மின்சாரத்தைக் கடத்தாத, ஒளி புகும் ஊதா நிறப் படிகமாக இருந்தது. எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது.

இதில் கவனிக்கவேண்டியது, விடையைக் கொடுத்த அறிவு மீக்கடத்தி இயற்பியலிலிருந்து வரவில்லை என்பதுதான். 104 டிகிரி என்ற எண்ணைப் பார்த்ததும் செம்பு சல்பைடு நினைவுக்கு வந்தது ஒரு வேதியியலாளருக்கு. மாதிரியில் வேறு என்னென்ன கட்டங்கள் கலந்திருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் நான் அளக்கும் பண்பை எப்படிப் பாதிக்கும் என்ற கேள்வியை முதல் ஆண்டிலேயே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்த இதைவிட நல்ல உதாரணம் அண்மையில் கிடைக்கவில்லை. பல துறையினரை ஒரே அணியாக உட்கார வைப்பதன் பயனும் இதில் தெரிகிறது.

பாதுகாப்புப் பயிற்சி இன்று எல்லா இடங்களிலும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு காணொளியும் கையெழுத்திட ஒரு படிவமும். அது போதாது என்பதற்கு ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழாயில் எடுத்தபோது தீக்காயம் அடைந்த 23 வயது ஆய்வு உதவியாளர் பதினெட்டு நாள் கழித்து இறந்தார். அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எரிவாயு உருளை வெடித்து ஓர் இளம் ஆய்வாளர் உயிரிழந்தார், மூவர் காயமடைந்தனர். பொருளறிவியல் ஆய்வகங்களுக்கே உரிய ஆபத்துகள் சில, பார்த்தால் ஆபத்தாகவே தெரியாதவை. கண்ணாடியையும் சிலிக்கான் ஆக்சைடையும் அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது. வலி பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதற்குள் ஃபுளூரைடு தோலைத் தாண்டி உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிணைத்துவிடும். அதற்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்பது அந்த அமிலப் பாட்டிலைத் திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. மூடிய இடத்தில் அது ஆக்சிஜனை விரட்டிவிடும், ஆகவே திரவ நைட்ரஜனை லிஃப்டில் ஏற்றி அனுப்பும்போது ஆள் கூடவே ஏறக்கூடாது. இவற்றைக் காணொளியில் கேட்பதும் அந்த ஆய்வகத்திலேயே நின்று ஒருமுறை செய்து பார்ப்பதும் ஒன்றல்ல.

குறிப்பேடு எழுதும் பழக்கத்தையும் நெறிமுறைப் பாடத்தையும் தனித்தனியாக நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன் விவகாரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. கரிம மூலக்கூறுகளில் டிரான்சிஸ்டர், லேசர், மீக்கடத்துதிறன் என்று வரிசையாகக் கண்டுபிடிப்புகளை வெளியிட்டுவந்த அவரது கட்டுரைகளில், வெவ்வேறு பொருள்களில் அளந்ததாகச் சொன்ன வரைபடங்களில், தற்செயலான ஏற்ற இறக்கமான இரைச்சல்கூட ஒரே மாதிரி இருப்பதைச் சிலர் கண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையிலான விசாரணைக் குழு 2002 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. விசாரித்த 24 குற்றச்சாட்டுகளில் 16 நிரூபணமாயின. முறையான ஆய்வகக் குறிப்பேடு அவரிடம் இல்லை. கணினியில் இடம் போதாததால் மூலத் தரவுகளை அழித்துவிட்டதாகச் சொன்னார். மோசடி செய்ய நினைப்பவரை ஒரு வகுப்பு தடுத்துவிடாது. ஆனால் தேதியும் மாதிரி எண்ணும் மூலக் கோப்பும் கேட்கும் வழக்கம் ஓர் ஆய்வுக்குழுவில் முதல் நாளிலிருந்தே இருந்தால், மோசடி வெகுதூரம் போகாது. நேர்மையானவர்களுக்கும் இது உதவும்: மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு எழுத உட்காரும்போது, முதல் ஆண்டில் எந்த உலையில் எத்தனை மணி நேரம் சுட்டோம் என்பது வேறு எங்கேயும் எழுதியிருக்காது.

பிரிட்டிஷ் மையங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இவை எதுவும் அல்ல, குறுந்திட்டங்கள்தான். கேம்பிரிட்ஜின் நானோ மையத்தில் 2009 முதல் நடைமுறையில் இருப்பது போல, முதல் ஆண்டு மாணவர் வெவ்வேறு ஆய்வகங்களில் சில வாரங்கள் சிறு ஆய்வுகளைச் செய்துவிட்டு, அதன் பிறகு தன் முனைவர் தலைப்பையும் நெறியாளரையும் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுக்கும் உரிமை இருபுறமும் இருக்கிறது என்பதே இதில் முக்கியம். விண்ணப்பத்தில் நன்றாகத் தோன்றிய தலைப்பு ஆய்வகத்தில் சலிப்பூட்டலாம். பெரும் புகழ்பெற்ற பேராசிரியரை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியலாம். இதையெல்லாம் நான்காம் ஆண்டில் அறிவதைவிட எட்டாவது வாரத்தில் அறிவது மலிவு. எதிர்வாதமும் உண்டு: பயிற்சிக்குப் போகும் ஆண்டு ஆய்வுக்குப் போகவில்லை, படிகம் வளர்க்கக் கற்கவே ஓர் ஆண்டு ஆகும் துறையில் அது பெரிய இழப்பு என்று நெறியாளர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குறிப்பாக, தலைமைப் பண்பு, நேர மேலாண்மை என்ற பெயரில் நடக்கும் பட்டறைகளை வெட்டினால் யாரும் வருந்தமாட்டார்கள்.

இந்தியாவில் மாற்றம் விதிமுறை வழியாக வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வாளர் குறைந்தது ஒரு செமஸ்டர் கோர்ஸ் ஒர்க் எனும் பாடப் படிப்பை முடித்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறைப்படி அது குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறை குறித்த பாடமும் அதற்குள் அடங்கும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் விதி வருவதற்கு முன்பே பாடங்களையும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வையும் வைத்திருந்தன. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உள்ளிட்ட, அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் ஆய்வகங்களைச் சேர்ந்த மாணவர்கள் ஏசிஎஸ்ஐஆர் என்ற அகாடமியின் கீழ் பட்டம் பெறுகிறார்கள். அவர்களுக்குப் பாடங்களோடு, கிராமப்புற, சமூகத் தேவை ஒன்றைக் களத்தில் போய் ஆராயும் சிஎஸ்ஐஆர்-800 என்ற சில வாரத் திட்டமும் உண்டு. பிரிட்டிஷ் மையங்களில் இதற்கு நிகரான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மற்ற பல்கலைக்கழகங்களில் நிலைமை சீராக இல்லை. ஆராய்ச்சி முறையியல் என்ற ஒரே தாளைத் தமிழிலக்கிய ஆய்வாளரும் பொருளறிவியல் ஆய்வாளரும் சேர்ந்து எழுதும் இடங்கள் உண்டு. கருதுகோள் என்றால் என்ன என்று இருவரும் ஒரே வரையறையை மனப்பாடம் செய்வார்கள், தாங்கியில் மாதிரியை எப்படி நிரப்புவது என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் இங்குள்ள பெரிய இடைவெளி பாடத்திட்டத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. ஒரு மாவட்டத் தலைநகரின் கல்லூரியில் நானோ பொருள்களில் ஆய்வு செய்பவருக்கு ஊடுருவும் நுண்ணோக்கி பக்கத்தில் கிடையாது. சென்னை ஐஐடியில் இருப்பது போன்ற சைஃப் எனப்படும் பொதுக் கருவி மையங்களுக்கோ, தனியார் ஆய்வகங்களுக்கோ மாதிரியைச் சிறு குப்பியில் அடைத்து, படிவத்தை நிரப்பி, கட்டணத்தோடு அனுப்புவார். சில வாரங்களில் மின்னஞ்சலில் நான்கைந்து படங்கள் வரும். கருவியை அவர் பார்த்ததே இல்லை. எந்த வோல்ட்டில், எந்தப் பகுதியில், எத்தனை இடங்களைப் பார்த்துவிட்டு கருவியை இயக்கியவர் இந்த நான்கைத் தேர்ந்தார் என்பது தெரியாது. அந்தப் படம் ஆய்வேட்டில் ஏறிவிடும்.

கருவிகளை எங்கிருந்தும் பதிவு செய்துகொள்ள ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளம் 2020இல் வந்தது. கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் அனுப்பிப் பெறும் ஆய்வாளருக்கான பயிற்சி, கருவியின் முன் அமர்பவருக்கானதிலிருந்து வேறாக இருக்கவேண்டும். படமாக அல்லாமல் மூலக் கோப்பாகக் கேட்பது, எக்ஸ்ஆர்டிக்கு அனுப்பும்போது சிலிக்கான் பொடியைத் தானே கலந்து அனுப்புவது, ஒரே மாதிரியை இரண்டு குப்பிகளில் வேறு பெயரிட்டு அனுப்பி முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, அளவீட்டு நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குவது ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. இவற்றைக் கற்றுத்தரும் கோர்ஸ் ஒர்க் தாள் ஒன்று இருந்தால், அது எந்த வெளிநாட்டு மையத்தின் பாடத்திட்டத்தையும் நகலெடுத்ததாக இருக்காது. அவர்களுக்கு இந்தச் சிக்கலே பெரும்பாலும் இல்லை. அந்தத் தாளோடு பைத்தான் நிரலாக்கமும் சேரவேண்டும், ஏனென்றால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகு அதைத் திறக்கத் தெரியவேண்டுமே.

ஆண்டு முடிவில் இரு நாடுகளிலும் ஒரு மதிப்பீடு உண்டு. பிரிட்டனில் ஆய்வாளர் ஓர் அறிக்கை எழுதி, நெறியாளர் அல்லாத இருவர் முன் வாய்மொழித் தேர்வுக்கு உட்காருவார். எந்த அளவீட்டை மீண்டும் செய்தீர்கள், எது ஒத்துவரவில்லை, ஏன் என்ற வகைக் கேள்விகள் வரும். இங்கே டாக்டரல் கமிட்டி கூடும். பல இடங்களில் கோர்ஸ் ஒர்க் மதிப்பெண்ணும் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளுமே அதற்குப் போதும். ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு உண்மையான பரிசோதனை இரண்டு ஆண்டு கழித்து, எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை உதவித்தொகைக்கு உயரும்போதுதான் வருகிறது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாத உதவித்தொகை 37 ஆயிரம் ரூபாயிலிருந்து 42 ஆயிரமாகும் கட்டம் அது.

முதல் ஆண்டிலேயே இது தனக்கு ஒத்துவராது என்று ஒருவர் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதிலும் இரு முறைகளும் பிரிகின்றன. முதல் ஆண்டை முதுநிலைப் பட்டமாக வைத்திருக்கும் பிரிட்டிஷ் மையத்தில், அவர் அந்தப் பட்டத்தோடு வெளியேறி வேலைக்குப் போகலாம். ஓர் ஆண்டு வீணாவதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் முன்பு அந்த இடத்தில் எம்ஃபில் இருந்தது. 2022 ஒழுங்குமுறை அதை நிறுத்திவிட்டது. ஆகவே கோர்ஸ் ஒர்க்கில் நன்றாகத் தேறி, ஆய்வு தன் வழியல்ல என்று நேர்மையாக முடிவெடுத்து விலகும் மாணவரின் கையில், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், 12 கிரெடிட்டுக்கான ஒரு மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை.